ராணியின் தொண்டையில் அடைத்த தவிடு: கொருக்குப்பேட்டையில் ஓய்வு பெற்ற ஒரு சாரட் குதிரை

நோயாளி ஒரு பெட்டைக் குதிரை. பெயர் ராணி. வெள்ளை நிறம், நாட்டுக் கலப்பு. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் சாரட் இழுத்து வடசென்னைத் தெருக்களிலேயே காலம் கழித்த உடம்பு. 2020 ஊரடங்கில் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தபோது வேலை நின்றது. மண்டபங்கள் திறந்தபோது உரிமையாளர் இளங்குதிரை ஒன்றை வாங்கிவிட்டார். அதிலிருந்து ராணிக்கு ஓய்வு. விற்கவில்லை, விரட்டவும் இல்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லாயத்தில், புதுக் குதிரைக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தார்கள்.

ராணிக்கு வந்தது உணவுக்குழாய் அடைப்பு. குதிரை வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. எழுத வைத்தது அது வந்த விதம். அக்கறை இல்லாத வீட்டில் இது நடக்கவில்லை. தினமும் தேய்த்துக் குளிப்பாட்டி, வெள்ளிக்கிழமை நெற்றியில் பொட்டு வைக்கிற வீட்டில் நடந்தது. ஒரு குதிரைக்கு ஓய்வு கொடுக்கும்போது வண்டியிலிருந்து மட்டும் அவிழ்த்துவிடுகிறோம். லாயத்தின் நேரம், தொட்டி, தீவனம் எல்லாம் வேலை செய்கிற குதிரைக்கு ஏற்றபடியே ஓடிக்கொண்டிருக்கும். கிழக்குதிரை அதற்குள் எப்படியாவது சமாளித்துக்கொள்ள வேண்டும். ராணியால் முடியவில்லை.

அழைப்பு வந்த இரவு

ஆவணி முகூர்த்த நாள். உரிமையாளர் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து இளங்குதிரையோடு திரும்பி, இரண்டுக்கும் தீவனம் வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. போனில் அவர் மனைவி பேசினார். "டாக்டர், ராணி வாந்தி எடுக்குது. மூக்கு வழியா பச்சையா ஊத்துது. கழுத்த நீட்டி நீட்டி இழுக்குது."

குதிரை வாந்தி எடுக்காது. உணவுக்குழாய் இரைப்பைக்குள் நுழையும் இடத்தில் உள்ள சுருக்குத் தசை அவ்வளவு இறுக்கம். நுழையும் கோணமும் அப்படி. உள்ளே போனது மேலே வருவதற்கு வழி கிடையாது. ஆகவே குதிரையின் இரண்டு மூக்கிலும் தீவனமும் எச்சிலும் கலந்து வழிகிறது என்றால், அது இரைப்பைக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிட்டது என்று முதலில் நினைக்க வேண்டும். போனிலேயே சொன்னேன்: தொட்டியையும் தண்ணீர் வாளியையும் தள்ளி வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியில் சொன்னதுதான் பிந்திவிட்டது. தெருவில் யாரோ சொல்லி, அதற்குள் கால் பாட்டில் நல்லெண்ணெய் உள்ளே போயிருந்தது. மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டிப் பழகிய கை; நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அடைத்த குழாயில் ஊற்றும் எண்ணெய் கீழே இறங்காது, மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். அதன் விலையை அடுத்த நாள் கொடுத்தோம்.

போய்ப் பார்த்தபோது ராணி கால்களை அகட்டி நின்றிருந்தது. தாடையிலிருந்து பச்சை நூலாக எச்சில் தொங்கியது. சற்றைக்கொரு தரம் கழுத்தை முன்னால் நீட்டி, நாடியை மார்போடு இழுத்து, ஒரு முனகல். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 56. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். மூச்சு 24, சாதாரணமாக 8 முதல் 16. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதில் குறையில்லை. ஈறை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப மூன்று விநாடி ஆனது. வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளில் 30 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். அது உள்ளே போகாமல் தரையில் கொட்டினால் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன.

கழுத்தின் இடப்பக்கம், பெரிய ரத்தக் குழாய் ஓடும் பள்ளத்தில் கை வைத்துக் கீழே வந்தால், மார்புக்கு ஒரு சாண் மேலே கை முஷ்டி அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் குதிரை விலகியது. அடைப்பு அங்கேதான்.

இருந்தாலும் கையுறை போடாமல் வாயைத் தொடவில்லை. தெருநாய் நடமாடும் இடத்தில், எச்சில் வழிந்து விழுங்க முடியாமல் நிற்கும் எந்த விலங்கையும் வெறிநோய் என்ற சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். நாய்க்கடி பட்டதாக யாருக்கும் நினைவில்லை. கூப்பிட்டால் காதைத் திருப்பியது, நாக்கைப் பிடித்து இழுத்தால் பலமாக உள்ளே இழுத்துக்கொண்டது, வாலில் இறுக்கம் இருந்தது. அந்தச் சந்தேகம் பெருமளவு தளர்ந்தது. இன்னொன்று கிளாண்டர்ஸ். மூக்கு ஒழுகும் குதிரை என்றாலே நினைக்க வேண்டிய நோய், மனிதருக்கும் தொற்றும், 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ராணிக்கு மூக்கினுள் புண் இல்லை, தோலில் முடிச்சு இல்லை, ஒழுகியதும் சீழ் இல்லை. மென்றும் மெல்லாத தவிடு. ஆனாலும் பின்னர் ரத்த மாதிரி எடுத்து, ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும்படி செய்தோம். நோய் இல்லை என்று வந்தது.

எடை போட மேடை ஏது? மார்புச் சுற்றளவு 155 செ.மீ., தோள்முனையிலிருந்து பின்புறம் வரை நீளம் 145 செ.மீ. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் 293 கிலோ வந்தது. மருந்தின் அளவெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான்.

கழுத்து நரம்பில் சைலசின் என்ற மயக்க மருந்து 150 மி.கி. போட்டதும் சில நிமிடங்களில் தலை தாழ்ந்தது. அதுதான் வேண்டும். தலை மார்புக்குக் கீழே இருந்தால் வருவது வெளியே வரும், நுரையீரலுக்குப் போகாது. மயக்கத்தில் குழாயின் தசையும் தளரும். பல அடைப்புகள் அதோடு தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. அரை மணி காத்திருந்தோம். இறங்கவில்லை.

அப்புறம் மூக்கு வழியாகக் குழாய். மூக்குத் துவாரத்தின் அடித்தளத்தை ஒட்டியே தள்ள வேண்டும்; கொஞ்சம் மேலே போனால் ரத்தம் கொட்டும், பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். குழாயின் முனை முட்டிய இடத்தில் வெளியே பேனாவால் ஒரு கோடு. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், கையால் அடிக்கும் பம்பு, ஒரு வாளி. கொஞ்சம் விட்டால் கொஞ்சம் திரும்பும். எண்ணெயோ வேறு எதுவுமோ கலக்கவில்லை. நுரையீரலுக்குப் போனாலும் தண்ணீரைத்தான் உடம்பு ஓரளவு தாங்கும்.

திரும்பி வந்ததை ஒரு முறத்தில் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். கோதுமைத் தவிடு, மழையில் நனைந்து இறுகிய சிமெண்ட் மூட்டை மாதிரி கட்டி கட்டியாக. நடுவே முழுக் கொள்ளு, ஒன்றுகூட உடையாமல். கடைசியாக, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கேரட் துண்டு. ஒரு முனையில் மட்டும் பல் பட்ட தடம். அது வெளியே வந்த பிறகு குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. வெளி முனையில் இரைப்பைப் புளிப்பு வாடை அடித்தது. கழுத்தில் கட்டி இல்லை.

கேரட் யார் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. தெருவே கொடுத்துக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. ராணி வேலைக்குப் போன காலத்தில் பகலில் தெருவில் நின்றதில்லை. ஓய்வுக்குப் பிறகு சந்து முனையில் கட்டிப் போட்டார்கள். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள், காய்கறிக் கடைக்காரர், டீக்கடையில் மிஞ்சிய பன் என்று ஆளாளுக்கு ஒரு வாய்.

அடுத்த சில நாட்கள்

மறுநாள் மாலை வெப்பம் 103 டிகிரி ஏறியது. வலப்பக்க நுரையீரலின் கீழ்ப் பகுதியில் கரகரப்பு கேட்டது. நல்லெண்ணெயும் எச்சிலும் போன வழி. குதிரையை மினி லாரியில் ஏற்றி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 1903இல் டாபின் ஹால் என்ற சிறிய கட்டடத்தில் தொடங்கிய கல்லூரி அது. அந்தக் காலத்தில் கால்நடை மருத்துவம் என்றாலே முதலில் குதிரைதான். பட்டாளமும் ஜட்காவும் குதிரையை நம்பி ஓடின. இன்று அங்கே வரிசையில் நிற்பது பெரும்பாலும் நாய்கள். ராணியைப் பார்க்க மாணவர்கள் கூட்டமாக வந்ததில் ஆச்சரியமில்லை.

என்டோஸ்கோப் உள்ளே போனபோது அடைப்பு இருந்த இடத்தில், ஒரு பக்கச் சுவரில் மட்டும் தோல் உரிந்திருந்தது. வளையமாக முழுச் சுற்றும் உரிந்திருந்தால் ஆறும்போது குழாய் சுருங்கி, பிறகு காலம் முழுக்க அடைத்துக்கொண்டே இருக்கும். ராணிக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம்.

கிருமிக்குப் பெனிசிலினும் மெட்ரோனிடசோலும், வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாமும் உடனே தொடங்கின. ஜென்டமைசினை மட்டும் தள்ளிப் போட்டோம். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து அது. உடம்பில் நீர் வற்றிய கிழக்குதிரைக்கு அவசரப்பட்டுப் போட்டால் நோய் ஒன்று, வைத்தியத்தால் வந்தது இன்னொன்று என்று ஆகிவிடும். சலைன் ஏறி, சிறுநீர் நன்றாகப் போன பிறகே அதைச் சேர்த்தோம். வாரக் கடைசியில் வெப்பம் இறங்கியது. கரகரப்பு போக இன்னும் சில நாட்கள் பிடித்தன.

வாலைத் தூக்கியபோது அடியில் கோலிக்குண்டு அளவில் இரண்டு கறுப்புக் கட்டிகள் இருந்தன. சாம்பலாகப் பிறந்து வெளுக்கும் குதிரைகளில், 15 வயதைத் தாண்டினால் பெரும்பாலானவற்றுக்கு இது வரும். வலியில்லை, பெருகவில்லை என்றால் சீண்டாமல் விடுவது நல்லது. உரிமையாளருக்கு அது ஏற்கெனவே தெரியும். சாணி போட்டால் அழுக்குச் சேரும் என்று தினமும் துடைத்து வந்திருக்கிறார். இப்படிப்பட்டவர் எப்படிப் பல்லைக் கவனிக்காமல் விட்டார்?

பல்

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையை எல்லாரும் பல்லைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதுவும் முன்பற்களை மட்டும். அதுவும் முன்பற்களை மட்டும். உரிமையாளர் ராணிக்குப் பதினெட்டு வயது என்றார். மேல்வரிசையின் கடைசி முன்பல்லில் ஒரு கறுப்பு நீளக் கோடு இருக்கும். பத்து வயது வாக்கில் ஈறோரம் தெரியத் தொடங்கி, இருபதில் பல் முழுக்க ஓடி, பிறகு மேலிருந்தே மறைந்து வரும். ராணிக்கு மேல்பாதியில் கோடு இல்லை. ஐந்தாறு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றாலும், 25 வயதை ஒட்டித்தான் இருக்கும். மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டிய பாட்டி.

குதிரையின் பல் நம் பல்லைப் போல வளர்ந்து நின்றுவிடாது. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருந்து, ஆண்டுக்கு 2, 3 மி.மீ. வீதம் மேலே வந்துகொண்டே இருக்கும். புல் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பு தீர்ந்தால் அவ்வளவுதான், வேரோடு கழன்று விழும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல் என்பதால் தேய்மானம் சமமாக இருக்காது. மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் கத்தியாக நிற்கும்.

வாய் திறப்பானை மாட்டி டார்ச் அடித்ததும் எல்லாம் தெரிந்தது. இரண்டு கன்னங்களிலும் உள்பக்கம் பழைய புண், ஆறியும் ஆறாமலும். இடது கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லே இல்லை. அதற்கு நேர் மேலே இருந்த பல், உரச ஆளில்லாமல் அந்தப் பள்ளத்துக்குள் நீண்டு இறங்கியிருந்தது. தாடையை அது பக்கவாட்டில் நகரவே விடாது. பக்கவாட்டில் நகராவிட்டால் குதிரைக்கு அரைப்பது என்பதே இல்லை, மேலும் கீழும் நசுக்குவதுதான். மீதிப் பற்களில் சில வழுவழுவென்று தேய்ந்து, புல்லைப் பிடிக்க முகடே இல்லாமல் இருந்தன.

லாயத்தில் இதற்கான சாட்சி ஆண்டுக் கணக்கில் கிடந்திருக்கிறது. தொட்டிக்கு அடியில் ஈரமான புல் உருண்டைகள், சுருட்டு நீளத்துக்கு. மென்று பார்த்து, முடியாமல் துப்பியவை. தினமும் பெருக்கி அள்ளியது உரிமையாளரின் மனைவிதான். "புல்ல சுருட்டிச் சுருட்டிப் போடும் டாக்டர். வயசானா அப்படித்தான்னு விட்டுட்டேன்" என்றார். லத்தியிலும் அப்படியே: ஒரு விரற்கடைக்கு மேல் நீளமான புல் நார், முழு முழுக் கொள்ளு. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதைப் பொறுக்க லாயத்துக்கே வந்து பழகியிருந்தன. ராணி சாப்பிட்டதில் பெரும்பங்கு அந்தக் கோழிகளுக்குத்தான் சேர்ந்திருக்கிறது. விலா எலும்பு தெரிந்ததை வீட்டார் கவலையால் வந்த மெலிவு என்று நினைத்தார்கள். வேலையை விட்ட ஏக்கம் என்றார் உரிமையாளர்.

கூர் ஓரங்களை அரத்தால் ராவி, நீண்டிருந்த பல்லைக் கொஞ்சம் குறைத்தோம். ஒரே தடவையில் மட்டமாக்கப் பார்க்கக் கூடாது. இந்த வயதில் பல்லில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதிகம் ராவினால் உள்ளே கூச்சமும் வலியும் வரும். புண் ஆறும்படி செய்தால் போதும். இழந்த பல்லை யாராலும் திருப்பித் தர முடியாது.

லாயம்

பல் மட்டும் காரணம் என்றால் அடைப்பு எப்போதோ வந்திருக்க வேண்டும். ஏன் இப்போது? இதற்கு லாயத்தின் ஒரு நாளைப் பார்க்க வேண்டியிருந்தது.

சாரட் இழுத்த காலத்தில் ராணிக்குக் காலை, மதியம், கிளம்பும் முன், திரும்பிய பின் என்று பிரித்துப் பிரித்துத்தான் தீவனம். வயிறு நிறைய வைத்தால் ஓடாது என்பது உரிமையாளரின் அனுபவம். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு அந்த நேரமெல்லாம் இளங்குதிரையோடு ரோட்டில் போய்விட்டது. பகலில் ராணிக்குக் கொஞ்சம் வைக்கோல். உண்மையான சாப்பாடு இரவில், இளங்குதிரை திரும்பிய பிறகு, இரண்டுக்கும் ஒரே நேரம். ஒரே சிமெண்ட் தொட்டி, நடுவில் தடுப்பு இல்லை. பசியோடு வந்த வாலிபக் குதிரைக்குப் பக்கத்தில் கிழவி ஆற அமர மெல்ல முடியுமா? அள்ளி அள்ளி விழுங்கியது. குதிரைக்கு மென்றால்தான் எச்சில் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லுக்கு மூவாயிரம் முறைக்கு மேல் மெல்லும். அதே எடைத் தானியத்துக்கு ஆயிரம் அளவில்தான். தவிட்டுக்கு இன்னும் குறைவு. காய்ந்த தவிடு, எச்சில் இல்லாத வாய், தண்ணீர் வாளியோ தீவனம் முடிந்த பிறகுதான் வரும். இவ்வளவுக்கும் மேல் ஒரு கேரட்.

இதைப் பார்த்தபோது பழைய பாண்டிய லாயங்களின் ஞாபகம் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயல் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, ஐந்து பாண்டிய சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். வேக வைத்த இறைச்சியும் சோறும் போடுகிறார்கள், குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை என்று காரணம் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வேறு விதமாகச் சொல்கிறார்: பச்சைப் பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, வெண்ணெய் கலந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால், கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையில் கட்டி வைப்பார்கள், அப்புறம் அப்படியே ஏறிச் சவாரி.

இரண்டு பேரும் வியாபாரிகளின் வாய்வழிச் செய்தியைக் கேட்டும் எழுதியிருக்கலாம். எண்ணிக்கையை நான் அப்படியே நம்ப மாட்டேன். ஆனால் தீவன விவரம் ஒரு குதிரை வைத்தியருக்கு உறுத்தும். பாலைவனத்துப் புல் தின்று வளர்ந்த அரபுக் குதிரையை நாற்பது நாள் நடக்க விடாமல் கட்டி, மாவும் கொழுப்பும் ஊட்டினால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வந்தே தீரும். இன்றைய எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். அந்த அரசர்கள் குதிரையைப் பட்டினி போடவில்லை. தாங்கள் மதித்த உணவை, விருந்தாளிக்கு வைப்பதைப் போல அதற்கும் வைத்தார்கள். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலில், இரவில் பரிகள் திரும்ப நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடும். அந்த லாயத்தில் குதிரை சாவதற்கு நரிதான் வர வேண்டும் என்றில்லை என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றும். அடியார்கள் மன்னிக்கட்டும்.

லாயம் கட்டுவதில் நம்மவர்களுக்குக் குறை வைக்க முடியாது. ஹம்பிக்குச் சுற்றுலா போனவர்கள் பதினொரு குவிமாடத்தோடு வரிசையாக நிற்கும் யானை லாயத்தின் முன்னால் நின்று படம் எடுக்காமல் வந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி அறை. அந்தத் தடுப்புச் சுவரைத்தான் நான் பார்ப்பேன். பக்கத்து விலங்கின் தொந்தரவு இல்லாமல் தின்னலாம். லண்டனில் ஜான் நாஷ் வடிவமைத்து 1825இல் முடித்த அரச லாயத்திலும், வியன்னாவில் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த ஸ்டால்பர்க்கிலும் குதிரைகள் இன்றும் வாழ்கின்றன. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் ஆடி முடித்த வெள்ளை லிப்பிசானர் இனக் குதிரைகளைப் பிறந்த ஊரான பீபர் பண்ணைக்கே அனுப்புகிறார்கள். 1920 முதல் அங்கேதான் இனப்பெருக்கம். லண்டனில் 1982 ஹைட் பார்க் குண்டுவெடிப்பில் படுகாயம்பட்டுப் பிழைத்த செஃப்டன் என்ற மெய்க்காவல் படைக் குதிரை, 1984இல் ஓய்வு பெற்று, 1886 முதல் நடந்துவரும் ஒரு குதிரை ஓய்வில்லத்தில் 30 வயது வரை வாழ்ந்தது. அரசர் வீட்டுக் குதிரை, செலவு செய்ய ஆள் உண்டு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அங்கே ஓய்வு என்றால் இடம் மாறுகிறது, ஆள் மாறுகிறது, தொட்டி மாறுகிறது. இதைத்தான் ராணிக்கு யாரும் செய்யவில்லை.

நம் ஊரிலும் அரசாங்கக் குதிரைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1778இல் தொடங்கிய சென்னை கவர்னரின் மெய்க்காவல் குதிரைப்படைக்கு இன்று மிஞ்சிய அடையாளம் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் கோயில். புது வண்டி வாங்கியவர்கள் சக்கரத்தில் எலுமிச்சை வைக்க வரிசையில் நிற்கிறார்கள். புதுப்பேட்டையில் போலீஸ் குதிரைப்படை இன்னும் இருக்கிறது. அவற்றுக்குச் சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர் உண்டு. தனியார் சாரட் குதிரைக்கு உரிமையாளர் குடும்பம்தான் எல்லாம்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்கு விதிகள் வேலை செய்யும் விலங்குக்கானவை: ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவிடாமல் ஐந்து மணிக்கு மேல் கூடாது, 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூடாது. வேலை முடிந்த விலங்குக்கு 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பசியில் வாடும்படி கைவிட்டால் குற்றம். ஆனால் ராணியை யாரும் கைவிடவில்லையே. தொட்டி நிறையத் தீவனம் வைத்த குற்றத்துக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பையின் விக்டோரியா சவாரிகளை நிறுத்தச் சொன்னபோதும், வண்டி நின்ற பிறகு குதிரை என்ன சாப்பிடும் என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது.

என்ன மாற்றினோம்

தொட்டியின் நடுவே பழைய மரக் கதவு ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு குதிரைக்கும் முகம் தெரியாதபடி செய்தோம். ராணியின் பக்கத்தில், வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய கூழாங்கற்கள் நாலைந்தைப் போட்டாயிற்று. தவிட்டைக் கல்லைச் சுற்றித் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆகவே அவசரம் குறையும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை எந்தக் கிழக்குதிரைக்கும் செய்யலாம்.

தவிடு இனிமேல் காய்ந்து வராது. கஞ்சிப் பதத்தில், நன்றாக ஊறிய பிறகு. கொள்ளு இரவே ஊறி, காலையில் குழைய வெந்து, மசித்து. பச்சைப் புல் சின்னதாக நறுக்கி, தண்ணீர் தெளித்து. வைக்கோல் அறவே கூடாது. முதல் சில வாரம் கஞ்சி மட்டுமே. 293 கிலோ குதிரைக்கு ஈரம் போக நாளொன்றுக்கு ஐந்து கிலோ அளவுக்காவது தீவனம் உள்ளே போக வேண்டும். அதை நான்கு வேளையாகப் பிரித்தோம். உப்பு ஒரு கை. வாளியில் எப்போதும் தண்ணீர்.

நான்கு வேளை யார் வைப்பது? இதில்தான் பேச்சு நீண்டது. உரிமையாளர் காலையில் ஒன்று வைப்பார், இரவில் ஒன்று. மற்ற இரண்டையும் அவர் மனைவி ஏற்றுக்கொண்டார். "நான்தான ரெண்டு வருஷமா அந்த உருண்டைய பெருக்கினேன், நானே வெக்கிறேன்" என்றார். இந்த வைத்தியத்தில் மிக முக்கியமான மருந்து எது என்று கேட்டால் அந்த அம்மாவின் மதிய நேரத்தைத்தான் சொல்வேன். கொள்ளு வேக வைக்கும் விறகும் கேஸும் அவர் கணக்கில்தான் போகின்றன, ராணி ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை.

தெருவுக்கு ஒரு அட்டை எழுதி மாட்டினோம்: "ராணிக்குப் பல் இல்லை. எதுவும் கொடுக்க வேண்டாம்." பிள்ளைகளுக்குக் கோபம். சரி, சனிக்கிழமை தோறும் அவர்களே கஞ்சி கலக்கலாம் என்று ஏற்பாடு.

இடையில் ஒருவர் ராணியை விலைக்குக் கேட்டார். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற, மெதுவாகப் போகும் குதிரை வேண்டுமாம். தொகை மோசமில்லை. உரிமையாளர் என்னிடம் கேட்டார். உடம்பு தேறாத, அடைப்பு திரும்ப வரக்கூடிய குதிரை, சவாரிக்குத் தகுதியில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்க வந்தவரிடம் அதைக் காட்டி அனுப்பினார். காகிதம் இல்லாவிட்டால் விற்றிருப்பாரா என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் திரும்ப அளந்தபோது மார்புச் சுற்றளவு 161 செ.மீ. அதே கணக்கில் 316 கிலோ. விலா எலும்பு இன்னும் கைக்குத் தட்டுகிறது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கன்னப் புண் ஆறிவிட்டது. நடுவில் ஒரு தரம் லேசாக இருமி, எச்சில் வழிந்தது. தீவனத்தை எடுத்து வைத்ததும் தானே இறங்கிவிட்டது. அன்றைக்குத் தவிடு சரியாக ஊறவில்லை என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இளங்குதிரையின் வாயையும் ராணியோடு சேர்த்தே திறந்து பார்த்தோம். வயது பதினொன்று. மேல்வரிசையின் முதல் கடைவாய்ப் பல்லில் கொக்கி விழத் தொடங்கியிருந்தது, இடது கன்னத்தில் சிறு கீறல். கடிவாளத்தை இடப்பக்கம் இழுத்தால் தலையை உதறுகிறது, கெட்ட பழக்கம் என்று உரிமையாளர் சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். கொக்கியை ராவியதும் உதறல் குறைந்திருக்கிறது. பள்ளி நோட்டு ஒன்றில் இரண்டு குதிரைக்கும் தனித்தனிப் பக்கம் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறார். தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் அடுத்த பல் சோதனை.